இயந்திரம் கொடுத்த சம்மதம் செல்லாது

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகம்தான் என்பதை ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓர் அரங்கம் நிறைய மாணவர்களோடு சேர்ந்து ஒலிபெருக்கியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆகவே வழக்கமாக இந்த இடத்தில் விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமல் விடுகிறேன். ஒலிபெருக்கியா, எந்த அரங்கம், என்ன மாணவர்கள் என்று நீங்கள் கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பின்னறைக்கு நான் நிரந்தரமாக வந்துவிட வேண்டும் என்று சில மாதங்களாகச் சொல்லி வருகிறீர்கள். நானும் "பார்க்கலாம் அக்கா" என்று சொல்லி வருகிறேன். ஞாயிறன்று என் சார்பில் உங்களோடு போனில் பேசிய இயந்திரம், நான் வருவதாகவும், தானும் கூட வருவதாகவும், இன்னொருவரையும் அழைத்து வருவதாகவும் வாக்குக் கொடுத்துவிட்டது. மறுநாளே நீங்கள் பெயின்டரைக் கூப்பிட்டு, அறைக்கு என்ன நிறம் வேண்டும் என்று எனக்குச் செய்தியும் அனுப்பிவிட்டீர்கள். அக்கா, அந்தச் சம்மதம் செல்லாது. "முடியாது" என்று சொல்வதற்கு மட்டுமே அந்த இயந்திரத்துக்கு நான் அதிகாரம் கொடுத்திருந்தேன். அதற்கு மேல் அது பேசியதெல்லாம் அதிகார எல்லையை மீறிய செயல், என்னைக் கட்டுப்படுத்தாது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் "அக்கா" என்று ஆரம்பித்ததும் நீங்கள் "சொல்லுப்பா" என்பீர்கள். அதற்குப் பிறகு நான் இளநீலம் என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பேன். ஆகவே கடிதம்.

இவன் எப்போது சட்டம் பேசக் கற்றுக்கொண்டான் என்றும் உங்களுக்குத் தோன்றும். நான் இப்போது சட்டக் கல்லூரி மாணவன். மாலை வகுப்பு, முதலாண்டு. உங்களிடம் சொல்லவில்லை, ஏனென்றால் இந்த வயதில் எதற்கு என்று கேட்பீர்கள், அதற்கு என்னிடம் கௌரவமான பதில் கிடையாது. ஓய்வு பெற்ற புதிதில் ஒருநாள் கல்லூரி வழியாக நடந்து போனேன். வாசலில் மேசை போட்டு விண்ணப்பம் விற்றுக்கொண்டிருந்தவர் "ஒண்ணு வாங்கிக்கோங்க சார்" என்றார். வாங்கிக்கொண்டேன். "இங்கயே நிரப்பிடுங்களேன்" என்றார். நிரப்பினேன். நான் வேலை பார்த்த தண்ணீர் மோட்டார் கம்பெனியின் புகார்ப் பிரிவிலும் இதே கதைதான் என்பது உங்களுக்குத் தெரியும். எவர் எந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வேன். மேலாளர் தலையில் அடித்துக்கொண்டு, "இது நம்ம மோட்டாரே இல்லையே, எதிர்க் கம்பெனியோடது. இத ஏன் வாங்குனீங்க?" என்று கேட்பார். கொண்டுவந்தவர் அவ்வளவு தூரம் சுமந்து வந்திருந்தார், வேறு என்ன காரணம் சொல்வது? ஆனால் படிப்பு விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மறுக்கத் தெரியாமல் சேர்ந்த அந்த வகுப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. அதை அப்புறம் சொல்கிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு நர்ஸின் மகள் வந்தாள். கம்ப்யூட்டர் படிக்கிற பெண். கெட்டிக்காரி, கொஞ்சம் முன்கோபி. அவளுடைய கல்லூரியில் மாணவர்களுக்காக ஒரு நிகழ்ச்சி. வெள்ளிக்கிழமை மாலை வெறுங்கையோடு உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு புதுத் தொழிலோடு வெளியே வர வேண்டுமாம். ஸ்டார்ட்அப் என்கிறார்கள். நம் மாமா ஒரு கடை வைக்க எத்தனை வருடம் யோசித்தார் என்பதை நினைத்துக்கொண்டேன். குழுவில் வேறு துறை மாணவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. "அங்கிள், நீங்களும் ஸ்டூடன்ட்தானே, ஐடி கார்டு இருக்குல்ல?" என்றாள். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதேம்மா" என்றேன். "நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும் அங்கிள். பேசக்கூட வேணாம்" என்றாள். அவளிடம் ஏற்கெனவே ஒரு யோசனை தயாராக இருந்தது. நூலகத்தில் எந்த நாற்காலி காலியாக இருக்கிறது என்று போனில் காட்டும் யோசனை. இரண்டு மாதமாக அதைப் பற்றித்தான் பேச்சு என்று அவள் அம்மா சொன்னார். மறுத்துவிட்டு வரலாம் என்று வெள்ளிக்கிழமை கல்லூரி வாசல் வரை போனேன். பெயர் பதியும் மேசையில் இருந்த பையன் என் அளவைக் கேட்டு, நிகழ்ச்சியின் பெயர் அச்சடித்த ஒரு பனியனை நீட்டினான். அதை வாங்கி மாட்டிக்கொண்ட பிறகு மறுப்பது நன்றாக இருக்காது.

அரங்கம் பெரியது. வட்ட மேசைகள், மேசைக்கு மேசை ஒயர்கள், சுவர் முழுக்க வண்ணக் காகிதத் துண்டுகள். நடப்பவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்து நடக்கிறார்கள், ஒயர் தடுக்காமல் இருப்பதற்காக. எங்கள் குழுவில் மூன்றாமவன் ஒரு மெலிந்த பையன். அவனுடைய லேப்டாப் பேட்டரிக்கு ஆயுசு கம்மி, ஆகவே எந்நேரமும் யாரிடமாவது சார்ஜர் கேட்டுக்கொண்டே திரிவான். அவனை எல்லாரும் சார்ஜர் என்றே கூப்பிட்டார்கள், அவனும் திரும்பிப் பார்த்தான். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், சொன்னபடியே. கொஞ்ச நேரத்தில் நாக்கு வறண்டது. அரங்கத்தின் ஓரமாக நீளமான வரிசை ஒன்று நின்றது. டீக்குத்தான் என்று போய் நின்றுவிட்டேன். பாதி வரிசை நகர்ந்த பிறகு எதிர்ச்சுவர் பக்கம் டீ ஊற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. இது வேறு ஏதோ வரிசை. விலகலாம் என்று காலை எடுத்தேன். பின்னால் நின்ற பையன், "முன்னாடி போங்க சார், டைம் ஓடுது" என்றான். முன்னாடி போனேன். என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

அது யோசனைகளைச் சொல்கிற வரிசை. ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம். சுவரில் பெரிய கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. நிகழ்ச்சி நடத்துகிற இளைஞர், "சொல்லுங்க சார், உங்க பிரச்னை என்ன?" என்றார். "டீ எங்க குடுக்கறாங்க?" என்று கேட்டேன். அரங்கம் சிரித்தது. "அது கேள்வி சார். பிரச்னையைச் சொல்லுங்க" என்றார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, முழி பிதுங்கியது, உண்மையைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. "என் பிரச்னை, எனக்கு முடியாதுன்னு சொல்லத் தெரியாது. டீக்குன்னு நெனச்சு இங்க நின்னேன். இல்லைன்னு தெரிஞ்சும் பின்னால நின்ன பையன் போகச் சொன்னதால வந்துட்டேன். இந்தப் பனியனும் அப்படித்தான் வந்துது, சட்டப் படிப்பும் அப்படித்தான். எங்க அக்கா அவங்க வீட்டோட வந்துடுன்னு கூப்பிடறாங்க. எனக்குப் போக இஷ்டமில்ல. மூணு மாசமா பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லிட்டிருக்கேன். இன்னும் கொஞ்ச நாள்ல போய்டுவேன், எனக்கே தெரியுது" என்றேன். மைக்கைத் திருப்பிக் கொடுத்தபோது கைதட்டலில் காது அடைத்தது. அப்புறம் எல்லாருக்கும் ஓட்டுப் போட வண்ண ஒட்டுத்தாள் கொடுத்தார்கள். என் பங்கை, வந்து கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டேன். ஓட்டுகளை எண்ணியபோது என் பிரச்னை முதலிடத்தில் வந்திருந்தது. நூலக நாற்காலிக்கு விழுந்தது மூன்றே மூன்று. அதில் ஒன்று அவளுடையது. அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பேசக்கூட வேணாம்னுதானே அங்கிள் சொன்னேன்?" என்றாள். வீட்டுக்கு வரும்வரை எனக்கு மனசே சரியில்லை.

சனிக்கிழமை காலையில் போனபோது அவள் தேறியிருந்தாள். ஜெயித்த யோசனையைக் கையில் வைத்துக்கொண்டு தோற்றதற்காக அழுவது நேரவிரயம் என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கிவிட்டாள். முடியாது என்று சொல்லத் தெரியாதவர்களுக்காக, அவர்கள் சார்பில் போன் செய்து பதமாக மறுத்துச் சொல்லும் ஒரு இயந்திரக் குரல், அதுதான் தொழில். என்னைத் தலைமை நிர்வாகி ஆக்கினார்கள். பிரச்னையின் சொந்தக்காரர்தான் தலைமை தாங்க வேண்டுமாம். நான் மறுக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வேலை, தெருவில் இறங்கி மனிதர்களிடம் பேசுவது. நம் யோசனையைச் சொல்லக்கூடாது, அவர்கள் கஷ்டத்தை மட்டும் கேட்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. சார்ஜரும் நானும் கடைத்தெருவுக்குப் போனோம். தையற்காரர் ஒருவரிடம், "முடியாதுன்னு சொல்ல முடியாம எப்பவாவது கஷ்டப்பட்டிருக்கீங்களா?" என்று கேட்டோம். அவர் கத்திரியைக் கீழே வைக்காமலே, "நான் எதுக்குச் சார் முடியாதுன்னு சொல்லணும்? சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. நாளைக்கு வாங்கன்னு சொன்னா நாளைக்கும் இங்கதான் வருவாங்க" என்றார். மருந்துக்கடை அம்மா, தன் நாத்தனாருக்கு முடியாது என்று சொல்லி ஆறு வருடம் ஆகிறது, அன்றிலிருந்து நிம்மதி என்றார். பஸ் டிரைவர் ஒருவர், முடியாது என்று சொல்ல இயந்திரம் எதற்கு, கண்டக்டர் போதுமே என்றார். இதற்குள் நான் ஒரு குடை, மூடி போட்ட வாளிகள் இரண்டு, உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு வருட உறுப்பினர் அட்டை ஆகியவற்றோடு நின்றுகொண்டிருந்தேன். அதையெல்லாம் விற்றவர்களிடமும் கஷ்டத்தைக் கேட்கத்தான் போனேன். சார்ஜர் என்னை வாளிகளோடு நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டான். "செம ஆதாரம் சார் இது" என்றான்.

மதியம் ஆலோசகர்கள் வந்தார்கள். தொழில் நடத்திப் பழகியவர்கள், மேசை மேசையாக வந்து அறிவுரை சொல்வார்கள். முதலில் வந்தவர், தனி மனிதரை விடுங்கள், கம்பெனிகளுக்கு விற்கலாம் என்றார். நல்ல யோசனை என்றேன். அடுத்து வந்த அம்மா, கம்பெனி வேண்டாம், வீட்டுக்காரரிடம் பேச முடியாத வாடகைதாரர்களுக்குக் கொடுங்கள் என்றார். அதுவும் நல்ல யோசனை என்றேன். மூன்றாவது ஆலோசகர், மறுப்பதெல்லாம் எதிர்மறையான விஷயம், இதே இயந்திரத்தை வாழ்த்துச் சொல்ல வைத்தால் என்ன என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பெண் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, முடியாது என்று சொல்லும் எங்கள் இயந்திரம் வாடகைதாரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் இயந்திரமாக மாறியிருந்தது. சார்ஜர் பாதி எழுதியும் முடித்திருந்தான். அவள் என்னை வெளுத்து வாங்கினாள். "அங்கிள், யார் வந்து எது சொன்னாலும் ஆமான்னுடுவீங்களா? உங்களுக்குன்னு ஒரு எண்ணமே கிடையாதா?" என்று கேட்டுவிட்டாள். உறைத்தது. எண்ணம் இருக்கிறது, சொல்லத்தான் வரவில்லை என்றேன். அதற்குமேல் அவள் திட்டவில்லை. மிச்ச நேரம் முழுவதும் எங்கள் மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வந்த ஆலோசகர்களை அவளே திருப்பி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இயந்திரம் பேசவில்லை. சார்ஜர் எழுதியது, எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்றது. பிறகு அதையும் நிறுத்திக்கொண்டது. மேடையேற இன்னும் அரை நாள்தான். அப்போது ஆலோசகர்களில் ஒருவர், இந்தக் கட்டத்தில் இயந்திரம் உண்மையிலேயே ஓட வேண்டிய அவசியம் இல்லை, திரைக்குப் பின்னால் ஓர் ஆளை உட்கார வைத்து இயந்திரம் போலப் பேசச் சொல்லுங்கள், தொழில் எடுபடுமா என்று பார்ப்பதுதான் முக்கியம், எல்லாரும் செய்வதுதான் என்றார். சட்டக் கல்லூரியில் இதற்கு வேறு பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. திரைக்குப் பின்னால் அவள், லேப்டாப் முன்னால் சார்ஜர், மேடையில் நான். போன் செய்ய ஓர் உண்மையான ஆள் வேண்டும். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "வேணாம்மா, அக்காவ மட்டும் விட்டுடலாம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "அங்கிள், நூலக நாற்காலியத்தான் விட்டுக் குடுத்துட்டேன். இதையாவது ஒழுங்கா முடிச்சுக் காட்டணும் எனக்கு" என்றாள். உங்கள் நம்பரைக் கொடுத்தேன்.

அக்கா, அதற்கு அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது பாதி. இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறேன். மேடையில் ஒரு கறுப்புத் திரை. முன்வரிசையில் நடுவர்கள் மூன்று பேர். உங்கள் குரல் ஒலிபெருக்கியில் "ஹலோ" என்றதும் நான் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

அவள் இழுத்து இழுத்து, தகரக் குரலில், "வணக்கம். நான் உங்கள் தம்பியின் சார்பில் பேசும் இயந்திரம்" என்றாள்.

"என் தம்பியா? அவனுக்கு என்னம்மா ஆச்சு?" என்றீர்கள்.

"அவர் நலமாக இருக்கிறார். தங்கள் கோரிக்கை தொடர்பாக..."

"உன் குரல் ஏம்மா இப்படி இருக்கு? சளியா?"

"நான் இயந்திரம். எனக்குச் சளி பிடிக்காது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. வெந்நீர் குடி. சாப்பிட்டியா?"

அரங்கம் குலுங்கியது. திரை ஆடியதைப் பார்த்தால் உள்ளே அவளும் சிரித்திருக்க வேண்டும். ஆனாலும் சமாளித்துக்கொண்டு, "உங்கள் தம்பியால் உங்கள் வீட்டில் வந்து தங்க இயலாது. மன்னிக்கவும்" என்று சொல்லி முடித்துவிட்டாள். கைதட்டினார்கள். அத்தோடு போனை வைத்திருந்தால் எங்களுக்குத்தான் பரிசு. நீங்கள் வைக்கவில்லை.

"அவனே சொல்லச் சொன்னானா?" என்று கேட்டீர்கள். ஆம் என்றாள். "பரவால்ல. அவனுக்கு அந்த வார்த்தை வாயில வராதும்மா. சின்ன வயசுலேர்ந்தே அப்படி. உன்ன வெச்சாவது சொல்லிட்டானே, நல்லதுதான்" என்றீர்கள். அதற்கப்புறம் குரலை இறக்கினீர்கள். ஒலிபெருக்கி அதை இறக்கவில்லை. "நீ மெஷின்தானே, யார்கிட்டயும் சொல்ல மாட்டியே? அவன் தனியா இருக்கான், கஷ்டப்படறான்னு நான் சொன்னதெல்லாம் சும்மா. அவன் நல்லாத்தான் இருப்பான். எனக்குத்தான் முடியல. மாடிப்படி இறங்கவே பயமா இருக்கு. போன மாசம் நடுப்படியில உக்காந்துட்டேன். ஏறவும் முடியல, இறங்கவும் முடியல. கீழ் வீட்டுப் பொண்ணு வேலை விட்டு வர்ற வரைக்கும் அங்கயேதான் இருந்தேன். இத அவன்கிட்ட சொன்னா ஒடனே பெட்டியத் தூக்கிட்டு வந்துடுவான். அப்படி வர வேணாம். அவனா பிரியப்பட்டு வந்தா வரட்டும். சொல்லிடாதே, என்ன?"

நான் என் பனியனில் அச்சடித்திருந்த எழுத்தைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து, தகரம் இல்லாத, சொந்தக் குரலில், "சொல்ல மாட்டேம்மா" என்றாள் அந்தப் பெண். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "பாத்தியா, சளிதான்" என்றீர்கள். "அவர் வருவாரும்மா, நான் கூட்டிட்டு வரேன்" என்றாள். "நீயும் வரியா? வாயேன். நீங்க எத்தன பேரு?" "மூணு பேரும்மா." "மூணு பேரும் வாங்க, எடம் இருக்கு." "சரிங்கம்மா, வரோம்." இதுதான் அந்தச் சம்மதம்.

முடிவைக் கேட்பீர்கள். பரிசு இல்லை. நடுவர்களில் முதலீடு செய்கிற அம்மா, "மறுக்கறதுக்குன்னு ஒரே வேலைக்காகச் செஞ்ச மெஷின், முதல் போன்லயே மூணு பேருக்குச் சேத்து ஒத்துக்கிட்டு வந்திருக்கு. நான் எதுல பணம் போடறது?" என்று கேட்டார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, எதிர்முனையில் பேசியவரைத் தன் கம்பெனி விற்பனைப் பிரிவுக்கு அனுப்ப முடியுமா என்றும் விசாரித்தார். உங்களைக் கேட்காமல் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, "ஸாரி அங்கிள், என்னாலயும் முடியல" என்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தோற்றதற்கு அழுதாளா என்று கேட்கவில்லை. சார்ஜர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "எப்ப சார் போறோம்?" என்றான்.

ஆக, அக்கா, எனக்காக மறுக்க வந்த இயந்திரமும் கைவிட்ட பிறகு நானேதான் எழுத வேண்டியிருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதுகிறேன்: என்னால் வர முடியாது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எண்ணமே கிடையாதா என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். நான் தனியாக இருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. பரிதாபப்பட வருபவர்கள் ஏமாந்து போவார்கள் என்பதால் முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொள்வேன். காலையில் நினைத்த நேரத்துக்கு எழுகிறேன். ஒரு அறையில் படுக்கிறேன், இன்னொரு அறையில் புத்தகங்களைப் பரப்பி வைத்திருக்கிறேன். அவற்றை யாரும் அடுக்கி வைப்பதில்லை. மாலை வகுப்பில் உங்கள் பையன் வயது வாத்தியார் என்னைக் கேள்வி கேட்டு, நான் சரியாகப் பதில் சொன்னால், வீடு வரை நடந்தேதான் வருகிறேன், பஸ்ஸில் ஏறினால் அந்தச் சந்தோஷம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று. உங்கள் ஊருக்கு வந்தால் வகுப்பு இல்லை. உங்கள் வீட்டில் நீங்கள் எனக்கு முன்னால் எழுந்து எனக்குப் பின்னால் படுப்பீர்கள், நான் குற்றவுணர்ச்சியில் இளைத்துவிடுவேன். மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வைக்கச் சொல்லி குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதுங்கள். கீழ் வீட்டுப் பெண்ணின் போன் நம்பரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுப்படியில் விளக்குப் போடச் சொல்லுங்கள். இவை என் ஆலோசனைகள். பெயின்டரிடம் வேலையை நிறுத்தச் சொல்லிவிடவும்.

உங்கள் பையன் போன் செய்தால் என் ஆசிகளைச் சொல்லுங்கள். கீழ் வீட்டுப் பெண்ணிடம், அன்று அவள் உங்களை இறக்கி விட்டதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்று தவறாமல் சொல்லுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் என்னை மன்னித்து, வழக்கம்போல நல்லபடியாக நினைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத, இந்த ஒரு தடவை தவிர,
தம்பி

பி.கு: கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பினேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். அக்கா, என் வீட்டு வாசலிலிருந்து தெரு வரைக்கும் ஒரு படிகூட இல்லை. தினமும் நடக்கிற இடம், இன்றைக்குத்தான் பார்க்கிறேன். நீங்கள் இங்கே வந்துவிடுங்கள். புத்தகங்களை நான் படுக்கும் அறைக்கு மாற்றிவிட்டேன், அவை இருந்த அறை உங்களுக்கு. தனியாக இருப்பது பிடிக்கும் என்று மேலே எழுதியது உண்மைதான், அதை அடிக்கவில்லை. ஆனால் நீங்கள் நடுப்படியில் உட்கார்ந்திருந்ததைக் கேட்ட நாளிலிருந்து அந்தப் பிடித்தம் வேலை செய்யவில்லை. உங்களுக்காகக் கூப்பிடவில்லை என்று சாக்குச் சொல்ல மாட்டேன். உங்களுக்காகத்தான் கூப்பிடுகிறேன், வந்தால் எனக்கும் சந்தோஷம். பெயின்டரை நிறுத்த வேண்டாம், உங்கள் வீட்டை வாடகைக்கு விட வசதியாக இருக்கும். முடியாது என்று சொல்வதானால் என்னிடம் நேராகவே சொல்லிவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இயந்திரம் "வரோம்" என்று கொடுத்த வாக்கு மட்டும் செல்லும். சனிக்கிழமை மூன்று பேரும் வருகிறோம். பெட்டிகளை அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்வார்கள். நான் உங்களுக்கு ஒரு படி முன்னால் இறங்குகிறேன். நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாருங்கள். அவசரமே இல்லை.